ரயில் ஸ்கோர்

பர்னபாஸ் அண்ணனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதணும்னா எனக்கே கூச்சமா இருக்கு. எட்டு வருஷமா அந்த மனுஷனோட நான் போடாத சண்டை இல்ல. நான் பெங்களூர்ல ஒரு தமிழ்ப் பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் நிருபர். அவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில தங்க வயல் ஊரிகத்துல ரயிலேறி பெங்களூர் வந்து, சாயங்காலம் ரயிலேறித் திரும்புற ஆளு. அந்த ரயில்ல உக்காந்துகினே ‘தங்க வயல் ஹாக்கி’ன்னு ஃபேஸ்புக்ல ஒரு குரூப் நடத்துறாரு. நாலாயிரம் பேர் இருக்காங்க அதுல.

“பேப்பர்காரங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து மேட்ச் எழுதுறாங்கப்பா”ன்னு போடுவாரு. எனக்குப் பத்திகினு வரும். “ஆமா, உங்க குரூப்புல நம்ம பொண்ணு விழுந்தா ஃபவுலு, எதிராளி விழுந்தா நடிப்பு. இதெல்லாம் ஒரு நியூஸா?”ன்னு கீழ எழுதுவேன். நூறு பேர் வந்து என்னைத் திட்டுவாங்க. அண்ணன் மட்டும், “இன்னா வின்னி, சாப்டியா?”ன்னு தனியா ஒரு மெசேஜ் அனுப்புவாரு. அது இன்னும் எரிச்சலா இருக்கும்.

போன ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை, ஒரே நேரத்துல ரெண்டு மேட்ச். நான் ஃபுட்பாலுக்குப் போயிட்டேன். தங்க வயல் பொண்ணுங்க ஹாக்கியை அண்ணன் குரூப்பைப் பாத்து எழுதிக்கலாம்னு விட்டேன். சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கிறேன். ‘1-2’ன்னு பிளாட்பாரத்துலேர்ந்து போட்டிருந்தாரு. நம்ம டீம் தோல்வின்னு நாலு வரி எழுதி, என் பேரும் போட்டு அனுப்பிட்டேன்.

இங்கதான் என் புத்தி மேயப் போயிடுச்சு. தங்க வயல்காரங்க எந்த மேட்சையும் கடைசி வரைக்கும் பாக்கறதில்ல. ஆறே கால் ரயிலைப் பிடிக்கணும்னா மூணாவது குவார்ட்டர் முடிஞ்சதும் ஓடியாகணும். கடைசிப் பதினஞ்சு நிமிஷம் அவங்களுக்குக் கிடையாது. பிளாட்பாரத்துலேர்ந்து போடுறது கிளம்புற நேரத்து ஸ்கோர்தான். அதுக்கு ரயில் ஸ்கோர்னே பேரு. முடிவை மறுநாள் காலையில கோச்சைக் கேட்டுப் போடுவாங்க. ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. ஊரிகத்துல பொறந்து வளந்த கழுதை, எனக்குத் தெரியாதா? அன்னிக்கு மறந்துபோச்சு.

அந்தக் கடைசிப் பதினஞ்சு நிமிஷத்துல ஜெனிட்டாங்கற பொண்ணு ரெண்டு கோல் போட்டிருக்கா. 3-2. நம்ம டீம் ஜெயிச்சிருக்கு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அண்ணன் போன் பண்ணாரு. குரூப்புல என் மானத்தை வாங்கியிருப்பாருன்னு பயந்துகினே எடுத்தேன்.

“வின்னி, நம்ம குரூப்பைப் பாத்துதானே எழுதின?”

“ஆமாண்ணா.”

“அது கெடக்கட்டும். நம்ம ஊரு பாலகாட்ல பால் பூத் வச்சிருக்காரே நேசமணி, அவரு பொண்ணுதான் ஜெனிட்டா. டீமோட ராத்தங்கிட்டு இன்னிக்கு வந்து, ‘ஜெயிச்சிட்டோம்பா, நான் ரெண்டு கோல்’னு சொல்லியிருக்கா. அவரு உன் பேப்பரைக் காட்டி, பொய் சொல்றியான்னு கேட்டிருக்காரு. ஸ்டிக்கைப் பிடுங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டாரு. வியாழக்கிழமை ஸ்டேட் கேம்ப். அனுப்ப மாட்டேங்கறாரு.”

“கோச் பேசலையா? நீங்க குரூப்பைக் காட்டலாமே?”

“கோச்சும் பொண்ணும் ஒரே கட்சியாம். நான் போய் போனைக் காட்டினேன். ‘இதுல யாரு வேணா இன்னா வேணா எழுதலாம் பர்னபாஸ், பேப்பர்ல பேரு போட்டு வந்திருக்கே’ன்னாரு. நாலாயிரம் பேர் இருந்து இன்னா பிரயோஜனம், சொல்லு? நீதான் எழுதணும்.”

திட்டவே இல்ல. திட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். போனை வச்சிட்டு உக்காந்து அழுதேன்.

திருத்தம் போடணும்னா எடிட்டர் கிட்ட உண்மையைச் சொல்லணும். மைதானத்துக்குப் போகாம பேரு போட்டேன்னு சொன்னா வேலை போனாலும் போகும். சாயங்காலம் வரைக்கும் ரூமுக்குள்ளயே நடந்தேன். அப்புறம் போய்ச் சொல்லிட்டேன். அவரு, “முழுசா எழுது. நீ போகலைங்கறதையும் எழுது. ஆனா ஒரு தப்பு இருக்கக் கூடாது. ஒரு மாசம் நீ மார்க்கெட் நிலவரம்தான்”னாரு. வெங்காயம், தக்காளி விலை. வேலை மிஞ்சிச்சேன்னு கும்பிட்டு வெளிய வந்தேன்.

கடைசிக் குவார்ட்டரை எப்படி எழுதறது? எங்க பேப்பர்லேர்ந்து ஒரு ஈ காக்கா அங்க இல்ல. அண்ணன் திங்கக்கிழமை லீவு போட்டாரு. மேட்சைக் கடைசி வரைக்கும் பாத்த ஹாஸ்டல் பொண்ணுங்க, மைதானத்து வாட்ச்மேன், டீக்கடைக்காரர்னு பத்துப் பன்னண்டு பேரைத் தேடிப் பிடிச்சு என் கிட்டப் பேச வச்சாரு. நான் அம்பயரையும் எதிர் டீம் கோச்சையும் பிடிச்சேன்.

“ரெண்டாவது கோலு பாதி மைதானத்துலேர்ந்து அடிச்சாளாம் வின்னி!”

“அண்ணா, வட்டத்துக்கு வெளியேர்ந்து அடிச்சா ஹாக்கில கோலே கிடையாது.”

“அட ஆமா! சந்தோஷத்துல அதை நானும் நம்பிட்டேன் பாரு”ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். எட்டு வருஷத்துல நாங்க சேந்து சிரிச்சது அன்னிக்குத்தான். அந்தப் பன்னண்டு பேரும் அவருக்காகத்தான் என் கிட்டப் பேசினாங்க. என் பேரைச் சொல்லி நான் போயிருந்தா கதவைக் கூடத் திறந்திருக்க மாட்டாங்க.

செவ்வாய்க்கிழமை பேப்பரை எடுத்துகினு முதல் ரயில்ல போனேன். அண்ணன் ஊரிகம் ஸ்டேஷன்ல பைக்கோட நின்னாரு. பூத்துல கூட்டம் குறையட்டும்னு ஒரு ஓரமா காத்துகினு இருந்தோம். அப்புறம் அண்ணன் என்னைக் காட்டி, “தப்பா எழுதின பொண்ணு இவதான்”னு சொன்னாரு. நான் நேசமணி அண்ணன் கையில பேப்பரைக் கொடுத்து, “நான் மேட்சுக்கே போகலைண்ணா. உங்க பொண்ணு சொன்னதுதான் நெஜம். மன்னிச்சிடுங்க”ன்னேன்.

கண்ணாடியைப் போட்டுகினு வரி வரியாப் படிச்சாரு. ‘நமது நிருபர் மைதானத்துக்குச் செல்லவில்லை’ங்கற இடத்துல நிமிந்து என்னை ஒரு பார்வை பாத்தாரு. எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு. மறுபடி குனிஞ்சு கடைசி வரைக்கும் படிச்சாரு. ஜெனிட்டா காலி டிரேயைப் பிடிச்சுகினு பூத்துக்குள்ளயே நின்னா. அவ அப்பாவையும் பாக்கல, என்னையும் பாக்கல.

இன்னிக்கு நான் மறுபடியும் ஸ்போர்ட்ஸ் பக்கத்துல இருக்கேன்னா, ராத்திரி படுத்தா தூக்கம் வருதுன்னா, அதுக்குக் காரணம் பர்னபாஸ் அண்ணன். என்னைப் பிடிச்சுக் குடுக்க எல்லாச் சாட்சியும் கையில இருந்துச்சு அவருக்கு. எட்டு வருஷத்துப் பாக்கியைத் தீத்திருக்கலாம். அவரு நினைச்சதெல்லாம் அந்தப் பொண்ணைப் பத்தி மட்டும்தான். நல்லா இருக்கணும் அந்த மனுஷன்.

நேசமணி அண்ணன் பேப்பரை மடிச்சு வச்சாரு. பால் வாங்க வந்த அம்மா ஒருத்தரை, “செத்த இருங்க”ன்னு நிறுத்தினாரு. மகள் பக்கம் திரும்பிக் கேட்டாரு:

“அந்த ரெண்டாவது கோலு எப்படிம்மா போட்ட? சொல்லு.”