வண்டிக்குக் கதவு கிடையாது

அம்மா போன பிறகு நேற்று வரைக்கும் வண்டியை யாரும் தொடவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே ஸ்டாண்டு போட்டபடி நின்றது. சீட்டு முழுக்கப் பூ உதிர்ந்து கிடந்தது. அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளத்தில்தான் பூ அதிகம். தட்டிவிட மனசு வராமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பழைய மொபெட்டை வாங்கியபோது நான் மூன்றாவது படித்தேன். அப்போது அம்மாவுக்கு அச்சங்குளம் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. மருந்து நிரப்புகிற அறை. விடிந்ததும் விடியாததுமாய்க் கம்பெனி வேன் ஆமத்தூருக்கு வந்து கூட்டிப் போகும். சாயங்காலம் இறங்கி வரும்போது அவள் கை இரண்டும் முழங்கை வரைக்கும் மினுங்கும். அலுமினியத் தூள்தான். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எனக்கு அது வெள்ளி. அந்தக் கையால் சோறு பிசைந்து ஊட்டினால் நிலாவைப் பிசைந்து ஊட்டுகிற மாதிரி இருக்கும். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு வெறும் கை, என் அம்மாவுக்கு வெள்ளிக் கை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் அம்மாவை பைண்டிங் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் காலண்டர் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வெளியே ஆடிக்காற்று மண்ணை வாரி இறைக்கும். பிரஸ்ஸுக்குள் ஜனவரி அச்சாகிக்கொண்டிருக்கும். ஆனால் பிரஸ்ஸுக்கு வேன் கிடையாது. ஆடிப்பெருக்குக்குள் அம்மா வண்டி பழகிவிட்டால் அந்த வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் மருந்து அறைதான்.

வண்டி பழக அம்மா கம்பெனிக்கு லீவு போட்டாள். பழக்கிவிட வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. விருதுநகரில் காலேஜில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தார். அப்பா லோடு லாரியில் வடக்கே போய்விடுவதால் வீட்டில் ஆம்பிளை என்று அதிகாரம் பண்ணுவதற்கு அவர் ஒருவர்தான்.

தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். வெடித்துக் கிடந்த மண்ணுக்கு மேல் வெயில் மஞ்சளாய்ச் சாய்ந்திருந்தது. தட்டான்கள் பறந்தன. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். மாமா "ஸ்டார்ட்!" என்று கத்தினார். அம்மா மிதித்தாள். பழைய சைலன்சர் 'டப்'பென்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், கைப்பிடியை விட்டுவிட்டு அம்மா ஒரே தாவாகத் தாவித் தள்ளிப் போய் நின்றாள். வண்டி மண்ணில் சாய்ந்தது.

மாமாவும் நானும் சிரித்து உருண்டோம். மறுபடியும் மிதித்தாள், மறுபடியும் தாவினாள். மறுநாளும் அதே கதை. கண்ணாடி உடைந்தது. அம்மாவின் முழங்கால் சிராய்ந்தது.

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருடைய படிப்பை எடுத்துவிட்டார்.

"யக்கா, இந்த ஸ்டார்ட்டுங்கிற வார்த்தைக்கு ஆதியில ஆரம்பம்னு அர்த்தமே கிடையாதாம். துள்ளுறது, திடுக்குனு தாவுறது, அதுதான் அர்த்தமாம். வேட்டைக்குப் போறவன் புதர்ல இருந்து மொசலக் கெளப்புறதையும் அப்படித்தான் சொல்லுவானாம். தொடங்குறதுங்கிறதெல்லாம் ரொம்பப் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது."

"அப்ப எதுக்குலே பல்லக் காட்டுற?" என்றாள் அம்மா, முழங்காலை ஊதிக்கொண்டே. "நான் சரியாத்தான செய்யிறேன்?"

அந்த நேரம் கம்பெனி வேனில் இறங்கிய பெண்கள் கண்மாய்க்கரையில் நடந்து வந்தார்கள். அம்மாவோடு அதே அறையில் வேலை பார்க்கிற மதினி ஒருத்தி நின்று பார்த்தாள்.

"வண்டிக்குக் கதவு கிடையாது மதினி, எங்கன குதிக்கீக?" என்று கேட்டாள்.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அது நானும் மாமாவும் சிரித்த சிரிப்பு இல்லை. சட்டென்று நின்றுவிட்டது. வண்டிக்கு எதற்குக் கதவு என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கும் விளங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள். அம்மா இன்னும் தாவிக்கொண்டுதான் இருந்தாள். பழைய வேனுக்கே போய்விடுகிறேன் என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மாமா கெஞ்சிக் கூத்தாடி அவளை மறுபடியும் வண்டியில் ஏற்றினார். அவள் கைப்பிடியைப் பிடித்ததும் என்னைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துவிட்டார்.

"ஏலே! பிள்ளைய எறக்குலே! நான் விட்டுட்டா அவளும்லலே விழுவா!"

"அப்ப விடாத."

சொல்லிக்கொண்டே மாமா பக்கத்தில் நின்றபடி மிதித்துவிட்டார். 'டப்.'

நான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முதுகில் கன்னத்தை வைத்திருந்தேன். அந்த முதுகு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி உதறுமே, அது மாதிரி. ஆனால் கால் நகரவில்லை. வண்டி மெதுவாக உருண்டது. காற்று சேலைத் தலைப்பை என் முகத்தில் போட்டது. கண்மாயும் தட்டான்களும் மாமாவும் தலைப்புக்கு அந்தப் பக்கம் மஞ்சளாய் மிதந்து போனார்கள். என் கனத்தால்தான் அம்மா கீழே இறங்கவில்லை என்று பெருமையாக இருந்தது.

மறுநாள் அவளே ஓட்டிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனாள். கொஞ்ச நாளில் கையில் மினுக்கம் போய்விட்டது. பசை வாடைதான் வந்தது. எனக்குப் பழைய கைதான் வேண்டும் என்று அழுதேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மருந்து அறையில் ஒன்றுக்கு மேல் கதவு இருக்கும், ஒன்றையும் தாழ் போட மாட்டார்கள் என்று அந்த மதினி இப்போது காரியத்துக்கு வந்தபோதுதான் சொன்னாள். உள்ளே என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்துவிட வேண்டுமாம். "உங்க அம்மைக்குத் தூக்கத்துலயும் காலு அப்படித்தான் துள்ளுமாம்த்தா" என்றாள். பக்கத்தில் படுத்திருந்தவள் நான். கனவில் அம்மா ஓடிப் பிடித்து விளையாடுகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

அம்மா படுத்ததும் ஒன்பதாவதோடு நின்று அவள் பார்த்த பைண்டிங் வேலைக்கே நான் போகிறேன். இத்தனை நாளும் பஸ்ஸில்தான். இன்று காலையில் பூவைத் தட்டிவிட்டு வண்டியை மிதித்தேன். 'டப்.' மரத்தில் இருந்த காக்காயெல்லாம் துள்ளிப் பறந்தன. என் கால் வைத்த இடத்திலேயே இருந்தது.

மாமா சொன்ன அந்தப் பழைய அர்த்தம் என் காலுக்குத் தெரியவில்லை. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டாள் அம்மா.