விட்டுக்கொடுத்த பாயிண்டுகள்

உப்பளம் மைதானத்தில் பெத்தாங்க் ஆடுகிறவர்களிடையே என் கணவருக்கு நல்ல பேர். இரும்புக் குண்டை வீசி, தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். முதலில் பதின்மூன்று பாயிண்ட் எடுப்பவருக்கு வெற்றி. அதே ஆட்டத்தை நான் போனுக்குள் கொண்டுவந்ததும் மனுஷர் மண்ணைக் கவ்வினார். வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவள் நான். பிரான்சில் இருக்கும் அவருடைய அக்காவும் நாங்கள் இருவரும் சாயங்காலங்களில் சேர்ந்து ஆடலாமே என்று ஆசையாகச் செய்தது. ஆசையும் என்னுடையது, அவஸ்தையும் என்னுடையது.

ஆரம்பத்தில் ஒரு கோளாறு. யார் பாயிண்ட் எடுத்தாலும் அது அவரவர் போனில் மட்டும் ஏறியது. மற்றவர்கள் திரையில் முட்டைதான். இவர் தன் நாலு பாயிண்டையும் எங்கள் முட்டைகளையும் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். திடீரென்று அக்கா ஜெயித்துவிட்டதாக வரும்.

"கள்ளாட்டம்! இன்னாக்கா, அங்க போயும் உன் புத்தி மாறலியா?"

"போடா, ஆடத் தெரியாதவனே! என் போன்ல பதிமூணு இருக்குடா!" என்று லேப்டாப் வீடியோ காலிலிருந்து அக்கா கத்துவார்.

உட்கார்ந்து திருத்தினேன். யாருக்குப் பாயிண்ட் ஏறினாலும் உடனே மூன்று போனுக்கும் சேதி போய்விடும். கல்யாணச் சேதியை ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்லி வம்பை வாங்காமல், தெருவுக்கே சொல்வது மாதிரி. அன்றிலிருந்து எல்லார் திரையிலும் அக்கா மேலே, நான் நடுவில், வீட்டுக்காரர் அடியில்.

"முன்ன இருந்ததே நல்லாருந்துச்சு," என்று முனகினார்.

அப்புறம்தான் அவருக்கு அந்த வயிற்று வலி வந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, சதை கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். புற்றுநோயா என்று பார்க்கத்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். வாய் திறந்து சொன்னவர் யாருமில்லை. அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். சாயங்கால ஆட்டத்தை மட்டும் விடவில்லை.

ரிப்போர்ட் வருவதற்கு முந்தைய சாயங்காலம் அவருக்குப் பாயிண்ட் ஏறிக்கொண்டே போனது. ஐந்து, எட்டு, பதினொன்று. அக்காவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

"அடேங்கப்பா, இன்னைக்கு கை நல்லா பேசுதே!" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவர் போனைக் கீழே வைத்தார்.

"அக்கா, டாக்டர் உன்கிட்ட எதுனா சொன்னாரா?"

"இல்லடா. ஏன் கேக்குற?"

"அப்ப நீ ஏன் ரெண்டுலயே நிக்கிற? இவ ஒண்ணு. ரெண்டு பேருக்கும் என்னமோ தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட மறைக்கிறீங்க."

முகம் வெளிறிப்போயிருந்தது. இவ்வளவு பயத்தை எங்கே ஒளித்துவைத்திருந்தாரோ! பழைய கோளாறு இருந்திருந்தால் எங்கள் பாயிண்ட் ஏறாதது அவருக்குத் தெரிந்தே இருக்காது. நான் திருத்தியதே எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அக்கா அழுதுவிட்டார். "சத்தியமா ஒண்ணும் தெரியாதுடா. ஒரு நாள் ஜெயிச்சா சந்தோஷப்படுவியேன்னுதான்..."

"சந்தோஷமா? எனக்கு உயிரே போயிடுச்சு. ஒழுங்கா ஆடுக்கா."

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு ஆடினார். ஆடினார் என்றா சொல்வது? வெளுத்து வாங்கினார். மூன்று திரையிலும் அவர் பாயிண்ட் மளமளவென்று ஏறிப் பதின்மூன்றில் நின்றது. இவர் பதினொன்றை விட்டு அசையவில்லை.

"தண்டம்டா நீ!" என்றார் அக்கா, குரல் இன்னும் கரகரத்தபடி.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னிடம் சோறு போடச் சொன்னார். அன்று தட்டு காலியானது.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. வெறும் புண்தான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டார்.

"நேத்து நீ என்னைத் தோக்கடிச்சப்பவே எனக்கு உயிர் வந்துடுச்சுக்கா," என்றார்.