பெட்ரோல் குழாயில் பூசிய திருநீறு

துபாயில், அல் கூஸ் பகுதியில் ஒரு கொட்டகையில் வெள்ளைக்காரர் ஒருவர் தம் சொந்த ஆசைக்கு இரட்டை இறக்கை விமானம் கட்டிக்கொண்டிருந்தார். என் மகன் அவருக்கு மெக்கானிக். விசிட் விசாவில் போயிருந்த என்னையும் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப்போனான்.

டாங்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் ஒழுகியது. கீழ் மூட்டில் சொட்டியதால் அங்கே வாஷரை மூன்று முறை மாற்றியிருந்தார்கள், நிற்கவில்லை. அடுத்த வாரம் விமானம் பறக்கும்போது என் மகனும் ஏறப்போகிறானாம்.

இருவரும் டீ குடிக்கப் போனதும் குழாயை முந்தானையால் துடைத்து, மடியில் இருந்த திருநீற்றை முழுக்கப் பூசினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

"என்னம்மா, பிளேனுக்கும் பட்டையா?" என்று சிரித்தபடி வந்த மகன், துடைக்கத் துணியோடு குனிந்தவன் அப்படியே நின்றான். திருநீற்றில் மேல் மூட்டிலிருந்து கீழே வரை ஈரக்கோடு இறங்கியிருந்தது.

"மேலதாம்மா கசியுது. இத்தன நாளா கீழயே கழட்டிட்டுக் கெடந்தோம்."

மேல் வாஷரை மாற்றினார்கள். மறுபடி திருநீறு கேட்டு என்னிடம் கை நீட்டியது அந்த வெள்ளைக்காரர்தான். பூசி ஒரு மணி நேரம் கழித்தும் திருநீறு காய்ந்தே இருந்தது.

"சரிப்பா, ஏறிக்கோ" என்றேன் மகனிடம்.