முதல் மாத்திரை

என் தம்பிக்குக் காது குத்தியபோது எனக்கு ஒன்பது வயது. பவானிக்கு அருகிலுள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் விசேஷம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாராபுரத்திலிருந்து வந்த மாமா குடியை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. அப்பாவின் உறவில் எவரும் அதை நம்பவில்லை; அம்மாதான் ஒவ்வொருவரிடமும் உறுதி சொல்லி அவரை அந்த மணையில் உட்காரவைத்திருந்தாள்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வேனுக்குப் பின்னால் நின்று மாமா என்னிடம் தண்ணீர் கேட்டார். பிரஷருக்கு டாக்டர் புதிதாக எழுதிய மாத்திரை. படுக்கப்போகும்போது போடச் சொன்னதை, சபையில் பிரஷர் ஏறிவிடக் கூடாதென்று அவராகவே காலைக்கு மாற்றிக்கொண்டார்.

"அம்மணி, உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத. எங்கப்பனாட்ட எனக்கும் பிரஷர்னு தெரிஞ்சா உக்காந்து அழுகும்."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

காது குத்தி முடிந்தது. அலறிய தம்பியைத் தூக்கிக்கொண்டு மாமா எழுந்தார். இரண்டடி வைப்பதற்குள் கால் பின்னியது. அம்மா பாய்ந்து குழந்தையை வாங்கிக்கொள்ள, மாமா சந்தனக் கிண்ணத்தின்மேல் சரிந்தார்.

"ஏனம்மணி, தொடறதேயில்லைன்னியே, இதுதானா?" என்று பெரியப்பா அம்மாவைக் கேட்டார்.

"சத்தியமாத் தொடலீங்க மச்சான். பசி மயக்கமுங்க."

"பசியா! காலைல எட்டு இட்லி உள்ள போனத நாந்தானப்பா பார்த்தேன்!"

பந்தியில் பரிமாறியவர் இப்படிச் சொன்னதும் கூட்டம் சிரித்தது. அம்மா என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து நான் மாமாவுடனேயே திரிந்ததை அவள் அறிவாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். அதன்பின் அவள் மாமாவுக்காக எவரிடமும் வாதாடியதில்லை.

மருந்தியல் படித்தபோதுதான் விளங்கியது. நாம் எழும்போது இரத்தம் கால்பக்கம் இறங்கும். இரத்தக் குழாய்ச் சுவரில் நரம்பின் செய்தியை வாங்கும் ஆல்ஃபா ஒன்று என்னும் ஏற்பிகளை நரம்புகள் தூண்ட, குழாய்கள் சுருங்கி அழுத்தத்தைக் காக்கும். பீட்டா ஒன்று என்னும் வேறு வகை ஏற்பிகள் இதயத்தை விரைவாகத் துடிக்கவைக்கும். மாமாவின் மாத்திரை முதல் வகையை மட்டும் அடைத்தது. இதயம் எவ்வளவு விரைந்தாலும் தளர்ந்த குழாய்கள் இறுகவில்லை. முதல் மாத்திரையில் இது கடுமையாக இருக்கும்; படுக்கும்போது போடச் சொன்னது அதனால்தான்.

அன்று பஸ் ஏறுமுன் மாமா என் கன்னத்தைத் தொட்டு, "கடசி வரைக்கும் வாயே தொறக்கலியே கண்ணு" என்றார். அது பாராட்டு என்றே நம்பி, வழியெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.