டிக் போட்ட பதினேழாவது வரி

அவள் என் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் எனக்கு ஆறிவிட்டது, இது மட்டும் ஆறவில்லை.

ஒன்பது வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து உலு திராமில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே டயர் கடை. சின்ன நிறுவனங்களுக்கு இணையதளம் எழுதிக் கொடுப்பது வேலை. முதலாளியோடு சேர்த்து ஆறு பேர், அதில் பெண்கள் நாங்கள் இருவர்தான். மதியம் அவள் டப்பாவில் பாதி எனக்கு, என் டப்பாவில் பாதி அவளுக்கு. லாயாங் லாயாங்கில் தனியாக இருக்கும் அப்பா ரம்புத்தான் கொடுத்தனுப்பினால் இரண்டு பையாகத்தான் வரும். இரண்டாவது பையில், அது அவளுக்கு என்று தெரிய சிவப்பு நூல் கட்டியிருப்பார்.

எங்களிடம் தளம் எழுதி வாங்கியவர்களில் ஒரு டயாலிசிஸ் மையமும் உண்டு. நோயாளிகளுக்கு நேரம் குறிப்பது, அவர்களை வீட்டிலிருந்து ஏற்றிப்போகும் வேன் டிரைவருக்கு அன்றன்றைய பட்டியலைப் போனில் அனுப்புவது, இரண்டையும் எங்கள் தளம் செய்தது. அந்தப் பட்டியலில் என் அப்பாவும் ஒருவர். சிறுநீரகம் கெட்டு மூன்று வருடமாகிறது. இப்போது திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு வேன் வாசலுக்கு வரும்.

இனி ஃபைல் கதை. யாரும் ஒரு தளத்தை ஒன்றுமில்லாமல் தொடங்குவதில்லை. ஃபிரேம்வொர்க் என்று ஆயத்தமாக ஓர் எலும்புக்கூடு கிடைக்கும், அதன்மேல் நம்முடையதைக் கட்டிக்கொள்வோம். அதன் சொந்த ஃபைல்களில் கைவைக்கக் கூடாது, நமக்கு வேண்டியதைத் தனி ஃபோல்டரில் எழுத வேண்டும் என்பது பாலபாடம். புதுப் பதிப்பு ஏற்றினால் பழைய ஃபைல்களை அழித்துவிட்டுத்தான் அது உட்காரும். உள்ளே நாம் கிறுக்கியதெல்லாம் போச்சு.

தெரியும். தெரிந்துதான் கைவைத்தேன். அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. மையத்துக்கு வெள்ளிக்கிழமை மூடல். ஃபிரேம்வொர்க்கின் காலண்டருக்கோ சனி, ஞாயிறை விட்டால் வேறு விடுமுறை தெரியாது. நாளைக்கே வேண்டும் என்று முதலாளி தலைமேல் நின்றார். காலண்டர் ஃபைலையே திறந்து வெள்ளியை மூடினேன். நான்தான் செய்தேன் என்று தெரியட்டும் என்று ஃபைலின் தலையில் என் பெயரையும் எழுதினேன். பெருமையாகத்தான் எழுதினேன்.

இப்படிச் செய்த பாவங்களையெல்லாம் எழுதிவைக்க எங்களிடம் ஒரு நோட்டு இருந்தது. மளிகைக் கடையில் கிடைக்குமே, அட்டையில் 555 என்று போட்டு, எல்லோரும் மலாயில் தீகா லிமா, மூன்று ஐந்து, என்று கூப்பிடும் குட்டி நோட்டு, அதுதான். ஒரு ஃபைலுக்கு ஒரு வரி: எந்த ஃபைல், எதற்காக மாற்றினோம், யார் மாற்றியது. திருத்திய ஃபைலின் நகல் தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கும். காலண்டர் பதினேழாவது வரி.

பிறகு ஜொகூரின் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. மையம் வெள்ளிக்கிழமை திறந்து ஞாயிறு மூடியது. இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். காலண்டர் ஃபைலைப் பழையபடி ஃபிரேம்வொர்க் கொடுத்த மாதிரியே வைத்துவிட்டு, மையத்தின் விடுமுறையை வெளியே தனி ஃபோல்டரில் எழுதினேன். திருத்திய பழைய நகலை மட்டும் அழிக்கவில்லை. இந்த மாநிலத்தில் விடுமுறை நாள் மாறுவது புதிதா என்ன, நாளைக்கே மறுபடி மாற்றினால் உதவுமே என்று விட்டுவைத்தேன். நோட்டில் பதினேழாவது வரிக்கு நேரே சிவப்புப் பேனாவில் எழுதினேன்: "இதைப் போடாதே."

ஃபிரேம்வொர்க்கை அப்கிரேட் செய்யும் வாரம் வந்தது. டேட்டாபேஸ் எனக்கு, ஃபைல்கள் அவளுக்கு. நாற்பத்தொரு வரி. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: பழைய பதிப்பில் வந்தது, நாங்கள் திருத்தியது, புதுப் பதிப்பில் வந்திருப்பது. எங்கள் திருத்தம் இன்னும் தேவையென்றால் புதியதில் சேர்க்க வேண்டும், தேவையில்லையென்றால் விட வேண்டும். பார்த்து முடித்தால் வரிக்கு நேரே டிக். இரண்டு நாள் வேலை, அலுப்பான வேலை. புதன்கிழமை மாலை நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"முடிஞ்சிடுச்சுலா. நாப்பத்தொன்னும் பாத்துட்டேன்."

"பதினேழு?"

"அய்யோ, அப்பா போற எடம்டி அது. அதப் பாக்காம விடுவேனா?"

எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. நான் ஒரு ஃபைலையும் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் லீவு போட்டாள். நான் தனியாகவே புதுப் பதிப்பை ஏற்றினேன். வியாழக்கிழமைப் பட்டியல் சரியாகவே போனது.

வெள்ளிக்கிழமை காலையில் மீட்டிங். போனைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்திருந்தேன். பதினொரு மணிக்குத் திருப்பினால் ஏழு அழைப்பு. ஆறு மையத்திலிருந்து, ஒன்று அப்பாவின் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து. அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

"வேன் வரலம்மா. எங்க வீட்டுக்காரரு கார்ல கொண்டுபோய் வுடுறேன்னு எவ்ளோவோ சொல்லிட்டாரு. அப்பா கேட்டாத்தானே! 'எம்மவ செஞ்ச சிஸ்டம், வேன் கண்டிப்பா வரும்'னு வாசக் கேட்டு பக்கத்துலயே உக்காந்திருக்காரு."

ஆறரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். டிரைவரின் போனில் "இன்று மையம் மூடல்" என்று வந்திருக்கிறது, அவர் வண்டியை எடுக்கவேயில்லை.

நான் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அப்பா சட்டைப் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் அங்கேயே இருந்தார். மற்ற நோயாளிகள் எப்படியோ வந்துசேர்ந்ததில் மையத்தில் அதற்குள் மெஷின் காலியில்லை, மறுநாள்தான் இடம் கிடைத்தது. அதுவரை கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே கிடந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் சர்வரைத் திறந்தேன். நாற்பத்தொரு ஃபைலிலும் புதன்கிழமை நாலு மணி பன்னிரண்டு நிமிடம் என்றே நேரம் பதிவாகியிருந்தது. எல்லாம் ஒரே நிமிடம்! அடிப்பாவி, ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. பழைய நகல் ஃபோல்டரை மொத்தமாகத் தூக்கிப் புதியதன்மேல் போட்டுவிட்டு, உட்கார்ந்து நாற்பத்தொரு டிக் போட்டிருக்கிறாள். "இதைப் போடாதே" என்ற என் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்திலும் அழகாக ஒரு டிக்.

திங்கட்கிழமை முதலாளி இருவரையும் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்.

"அந்த ஃபைல் அவ எழுதுனது பாஸ். மேல அவ பேருதான் இருக்கு, வேணும்னா பாருங்க."

நோட்டை மேசைமேல் வைத்தேன். முதலாளி சிவப்பு எழுத்தையும் டிக்கையும் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்துதானே செஞ்சீங்க," என்று சொல்லி நோட்டை மூடினார். அவ்வளவுதான் நியாயம்.

படிக்கட்டில் அவளை நிறுத்தினேன்.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"வியாழக்கெழம சிங்கப்பூர்ல எனக்கு இண்டர்வியூ. படிக்கணும், நேரமே இல்ல. ஒன்னும் ஆவாதுன்னு நெனச்சேன்."

நேரமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பார்த்திருப்பேனே! அவளுடைய நாற்பத்தொரு வரியையும் பார்த்துவிட்டு, இண்டர்வியூவுக்குப் பார்டர் வரைக்கும் காரிலும் கொண்டுபோய் விட்டிருப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாளே, வியாழக்கிழமை நான் போன் பண்ணி மருந்து கொடுத்தாயா என்று கேட்டேன், கொடுத்தேன் என்றாள். வேலை கிடைத்து அடுத்த மாதமே போய்விட்டாள். போகும்வரை அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அப்பாவிடம் அவளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டத்தில் தப்பு, சரிபண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவரும் துருவிக் கேட்கவில்லை. யார் டிக் போட்டது என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? அவர் நம்பி உட்கார்ந்திருந்தது என்னை.

அதற்கு முன் வேன் வருமா என்று அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது ஞாயிறு, செவ்வாய், வியாழன் மாலைகளில் போன் வருகிறது.

"நாளைக்கி வேன் வரும்தானேம்மா?"

"வரும்பா. நானே பாத்துட்டேன்."

"சரிம்மா. எதுக்கும் பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்."