வெள்ளையன் மேல் போட்ட பழி

"வீட்ல வேற யாருக்கும் அரிக்குதாம்மா?"

என் மகனின் விரல் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்குக் கந்தக வாடை அடித்தது.

ராஜபாளையத்தில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கும் இதே சொறி. "எல்லாம் இந்த நாயாலதான்" என்று வெள்ளையனைக் கட்டிப்போட்டார் அப்பா. தளவாய்புரத்துத் தோப்புக்காரர் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. நான் சொறிந்துகொண்டே அழுதேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா லென்ஸை வைத்து என் விரல்களைப் பார்த்துவிட்டு இதையேதான் கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க" என்றாள் அம்மா, மணிக்கட்டைச் சொறிந்தபடி. அப்பாவின் கை இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இது மனுசருக்கு மனுசர் தொத்துற சிரங்குப் பூச்சி. நாயை விட்ருங்க. எல்லாரும் சேர்ந்து கழுத்துலருந்து பாதம் வரைக்கும் மருந்து பூசுங்க. துணிமணியை வெந்நீர்ல அலசுங்க."

அன்று சாயங்காலம் உடம்பெல்லாம் மஞ்சள் கந்தகக் களிம்போடு அப்பாவே போய்ச் சங்கிலியை அவிழ்த்தார். வெள்ளையன் அவரை மோந்து பார்த்தது, தும்மியது, எட்டிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தியாட்டி, இப்ப அது நம்மளத் தள்ளி வைக்குது!" என்று சிரித்தார் அப்பா. அரிப்பு போய்விட்டது. வெள்ளையன் எங்கேயும் போகவில்லை.

"அதெல்லாம் யாருக்கும் இல்ல சார்." இப்போது பக்கத்தில் என் வீட்டுக்காரர் டாக்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் முந்தானையை விலக்கிக் கையை நீட்டினேன். "எனக்கு இருக்கு சார். அப்படியே இவிய முதுகையும் பாத்துருங்க."