ஜிம்மிக்கு நான் சொன்ன "இரு"

மனைவி இறந்து ஆறு ஆண்டுகளாக இராசிபுரத்தில் தனியாக இருக்கிறேன். மாற்றலாகிப் போன துரை ஒருவர் கொடுத்த குட்டைக்கால் நாய் ஜிம்மிதான் துணை. மகா பிடிவாதக்காரன். "இரு" என்றால் உட்கார வேண்டும், நான் தலையைத் தொடும்வரை எழக்கூடாது என்று தினமும் பழக்கினேன். நாற்பத்தோராம் நாளும் நாட்குறிப்பில் "இன்றும் பணியவில்லை" என்றே எழுதினேன்.

மறுநாள் காலை சேலம் புறப்பட்டபோது பின்னாலேயே வந்தான். வாசலில் "இரு" என்று அதட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். திரும்பும்போது பஸ் பழுதாகி, அடுத்த நாள் நண்பகலில்தான் வீடு சேர்ந்தேன். சித்திரை வெயிலில், நாக்குத் தள்ள, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். எதிர்வீட்டு நெசவுக்கார அம்மாள் அவனுக்குத் தாழங்குடை பிடித்து நின்றார்.

"ஏனுங்க, தண்ணி வெச்சாலும் குடிக்க மாட்டேங்குது, தூக்கப் போனாக் கடிக்க வருது. வீம்புல உங்களாட்டமேங்க! போறவரு ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போனா என்னங்க?"

தலையைத் தொட்டேன். எழ முயன்று விழுந்தான். பிறகு தண்ணீர் குடித்துப் பிழைத்தான்.

இப்போது அந்த அம்மாள் தலையைத் தொட்டாலும் எழும்படி அவனைப் பழக்கியிருக்கிறேன். வெளியூர் கிளம்பினால், எதிர்வீட்டு வாசலில் நின்று "போய்ட்டு வாரேங்க" என்கிறேன். ஆறு ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாத சொல் அது.